ஆராய்ச்சிக்குப் படியளப்பது யார்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஆய்வு மாணவர் ஒருவர், அரசு நிதி கிடைக்காவிட்டால் வேறு வழி உண்டா என்று கேட்டிருந்தார். லாப நோக்கற்ற அறக்கட்டளைகளுக்கும் விண்ணப்பிக்கலாம் என்று இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தோம். அந்த இரண்டு வரி போதாது என்று ஆனைமலையிலிருந்து நாமக்கல் வரை கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால் இம்மாதம் இந்தப் பகுதியை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

*கேள்வி: 'சுயேச்சையான, லாப நோக்கற்ற அறக்கட்டளை' என்கிறார்கள். லாபமே இல்லையென்றால் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் கொடுக்கப் பணம் எங்கிருந்து வருகிறது? யாரிடமிருந்து சுயேச்சை?*
– கல்லூரி விரிவுரையாளர், பெருந்துறை

பதில்: பணம் மூலநிதியிலிருந்து வருகிறது. கோயிலுக்கு நஞ்சையை எழுதிவைத்தவர்கள் நிலத்தை விற்று விளக்கேற்றச் சொல்லவில்லை. நிலம் நிலமாகவே இருக்க, குத்தகை வருமானத்தில் விளக்கு எரிய வேண்டும் என்றுதான் எழுதினார்கள். அறக்கட்டளையின் ஏற்பாடும் அதுவே. நிறுவியவர் கொடுத்த சொத்து பங்குகளாகவோ கடன் பத்திரங்களாகவோ நிலமாகவோ முதலீட்டில் இருக்கும். அதில் வருவது நல்கையாக, அதாவது திரும்பக் கேட்காத உதவித்தொகையாகப் போகும். லாப நோக்கற்றது என்றால் வருமானமே ஈட்டாதது என்று பொருளன்று. ஈட்டியதில் ஒரு ரூபாய்கூட நிறுவியவருக்கோ அறங்காவலருக்கோ பங்காகப் பிரியக் கூடாது என்பதுதான் பொருள். அமெரிக்கச் சட்டப்படி தனியார் அறக்கட்டளை தன் முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் ஏறத்தாழ 5 சதவீதத்தை ஆண்டுதோறும் செலவிட்டாக வேண்டும். நம் நாட்டுக் கணக்கு வேறு: வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குப் பயன்படுத்த வேண்டும், பெரிய செலவொன்றுக்காகச் சேர்த்துவைப்பதானால் நோக்கத்தை எழுத்தில் தெரிவித்து ஐந்தாண்டு வரை வைத்திருக்கலாம்.

லண்டனில் இருக்கும் வெல்கம் அறக்கட்டளையின் கதை இதை நன்றாக விளக்கும். மருந்து உற்பத்தியாளரான ஹென்றி வெல்கம் 1936இல் இறந்தபோது தம் கம்பெனியின் பங்குகள் முழுவதையும் அறங்காவலர்களுக்கு உயில் எழுதிவைத்திருந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த ஒரே கம்பெனியின் லாபத்தை நம்பியே அறக்கட்டளை ஓடியது. 1986 முதல் அறங்காவலர்கள் அந்தப் பங்குகளைப் படிப்படியாக விற்று வேறு முதலீடுகளில் பரப்பினார்கள். 1995இல் கம்பெனி, கிளாக்ஸோ என்ற மற்றொரு மருந்துக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. விற்றாக வேண்டிய சொந்த மருந்து என்று எதுவும் இல்லாத காரணத்தாலேயே, எந்த நோயை ஆராய்வது என்ற முடிவில் அறக்கட்டளைக்கு வியாபாரக் கண் தேவைப்படுவதில்லை. 2022இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் 1,600 கோடி பவுண்டு செலவிடப்போவதாக அது அறிவித்திருக்கிறது.

யாரிடமிருந்து சுயேச்சை என்று கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. அரசிடமிருந்து என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அதைவிடக் கடினமானது, பணம் கொடுத்தவரிடமிருந்தே சுயேச்சையாக இருப்பது. டென்மார்க்கில் பீர் ஆலை நடத்திய ஜே. சி. யாகோப்சன் 1876இல் கார்ல்ஸ்பெர்க் அறக்கட்டளையை நிறுவியபோது, அதன் நிர்வாகிகள் ஐவரையும் நாட்டின் அறிவியல் கழகம் தன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதித்தார். தம் குடும்பத்துக்கு அந்த உரிமையை வைத்துக்கொள்ளவில்லை. இன்று நம் மண் பரிசோதனை அட்டையிலும் சாயப்பட்டறைத் தொட்டியிலும் பார்க்கிற, அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு, 1909இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் வகுத்ததே.

இதற்கு எதிர்ப்பக்கத்துக் கதையும் உண்டு. ஹவர்டு ஹியூஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் 1953இல் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கித் தம் விமானக் கம்பெனியின் பங்குகளை அதற்கு எழுதிக்கொடுத்தார். ஆனால் அதற்கு ஒரே அறங்காவலர் அவரேதான். சொத்து மலையாக இருக்க, ஆராய்ச்சிக்குப் போனதோ கையளவு. வரியிலிருந்து தப்பிக்கச் செய்த ஏற்பாடு என்ற குற்றச்சாட்டு அவர் 1976இல் இறக்கும்வரை ஓயவில்லை. 1984இல் டெலவேர் மாநில நீதிமன்றம் புதிய அறங்காவலர்களை நியமித்தது. மறு ஆண்டு விமானக் கம்பெனி 500 கோடி டாலருக்கும் மேலான விலைக்கு ஜெனரல் மோட்டார்ஸிடம் போனது. அதற்குப் பிறகுதான் ஹவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனம் உலகின் மிகப் பெரிய ஆராய்ச்சிப் புரவலர்களில் ஒன்றாயிற்று. அதே பத்திரம், அதே நோக்கம். மாறியது அறங்காவலர் பட்டியல் மட்டும். ஆகவே எந்த அறக்கட்டளையைப் பற்றி விசாரித்தாலும் நோக்கங்களை எழுதியிருக்கும் பக்கத்தைப் பிறகு படியுங்கள். தேர்வுக்குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

*கேள்வி: எங்கள் தோப்பில் வேர்வாடல் நோய் வந்து, அப்பாரு வைத்த மரங்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டு அறக்கட்டளைகள் மலேரியாவுக்குக் கொடுக்கின்றன, நெல்லுக்குக் கொடுத்தன. தென்னைக்கு ஏன் கொடுப்பதில்லை? யார் உட்கார்ந்து இதை முடிவு செய்கிறார்கள்?*
– தென்னை விவசாயி, ஆனைமலை

பதில்: முடிவு எடுக்கப்படும் முறையை முதலில் சொல்லிவிடுகிறோம். அறக்கட்டளை எந்தத் துறைகளுக்குக் கொடுக்கும் என்பதை அறங்காவலர்கள் தீர்மானிக்கிறார்கள். அந்தத் துறைக்குள் எந்த ஆய்வாளருக்குக் கொடுப்பது என்பதை அவர்கள் தீர்மானிக்கக் கூடாது, ஒழுங்கான இடங்களில் தீர்மானிப்பதுமில்லை. அறிவிப்பு வெளியாகும், ஆய்வாளர் இரண்டு மூன்று பக்கத்தில் கருத்துருவை அனுப்புவார், அது தேறினால் முழு விண்ணப்பம் கேட்கப்படும். அந்த விண்ணப்பம் அதே துறையில் வேலை செய்யும் வெளியாட்கள் இருவர் மூவரிடம் கருத்துக்குப் போகும். அவர்கள் பெயர் விண்ணப்பித்தவருக்குத் தெரியாது. அவர்களுடைய ஐயங்களுக்கு ஆய்வாளர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், இறுதியில் நேர்காணல். கேள்வி புதியதா, கையாளும் முறை சரியா, இந்த ஆளால் இந்த இடத்தில் இதைச் செய்ய முடியுமா என்பவையே அங்கே கேட்கப்படும் மூன்று விஷயங்கள்.

விண்ணப்பத்தில் எங்கள் கண்ணுக்கு மிகவும் சுவையான பக்கம் பட்ஜெட் பக்கம். ஆராய்ச்சி என்றதும் நாம் எண்ணுவது பளபளக்கும் கருவிகளை. ஆனால் அந்தப் பக்கத்தில் முதல் வரி ஆள் சம்பளம். மத்திய அரசு 2023இல் திருத்திய விகிதப்படி இளநிலை ஆய்வாளருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு உயர்ந்தபின் 42,000 ரூபாய். தனியார் அறக்கட்டளைகளும் பெரும்பாலும் இதை ஒட்டியே கணக்கிடுகின்றன. மூன்றாண்டுக்கு ஒரே ஓர் ஆய்வு மாணவர் என்றாலே வீட்டு வாடகைப் படி நீங்கலாக 13 லட்சத்து 92 ஆயிரம் ஆகிறது. அதன்கீழ் ரசாயனங்களும் கண்ணாடிக் கலன்களும், தோப்புத் தோப்பாகச் சென்று ஓலையும் வேரும் எடுத்துவரப் பயணச் செலவு, கருவி, கடைசியில் நிறுவனத்தின் மேற்செலவு என்று ஒரு குறிப்பிட்ட சதவீதம். அந்தக் கடைசி வரியைக் குறைக்கச் சொல்லித்தான் எந்த அறக்கட்டளையும் முதலில் வாதாடும். மின்கட்டணமும் கணக்கர் சம்பளமும் ஆராய்ச்சியில் சேராது என்பது கொடுப்பவர்களின் நெடுநாள் நம்பிக்கை. குளிர்பதனப் பெட்டி ஒரு ராத்திரி நின்றுபோனால் மூன்றாண்டு மாதிரிகள் அழுகிவிடும் என்பதை அந்த நம்பிக்கை கணக்கில் எடுப்பதில்லை.

பணமும் மொத்தமாக வராது. முதல் ஆண்டுத் தவணை வரும். ஆண்டு முடிவில் ஆடிட்டர் கையெழுத்திட்ட பயனீட்டுச் சான்றையும் (சுருக்கமாக 'யூ.சி.') முன்னேற்ற அறிக்கையையும் அனுப்பினால் அடுத்த தவணை. எந்த ஆய்வுக்கூடத்திலும் 'யூ.சி. போயிடுச்சா?' என்ற கேள்விக்கு இருக்கும் பதற்றம் வேறு எதற்கும் கிடையாது. அரசு நிதியில் இந்தத் தவணை மாதக்கணக்கில் தள்ளிப்போவதுண்டு. நல்ல அறக்கட்டளையின் சிறப்பே, அதைக் குறித்த நாளில் கொடுத்துவிடுவதுதான்.

இனித் தென்னைக்கு வருவோம். வேர்வாடல் நோய் கேரளத்தில் நூறாண்டுக்கும் மேலாக இருப்பது. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது. சாறுறிஞ்சும் பூச்சிகளால் பரவுவது. மரத்தை உடனே கொல்லாமல் ஓலையைத் துவள வைத்து, காய்ப்பைக் குறைத்து, இழுத்தடிப்பது. குணமாக்கும் மருந்து இல்லை என்பதால் தாங்குதிறன் உள்ள ரகங்களை உருவாக்குவதே வழி. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் கல்பரக்‌ஷா, கல்பஸ்ரீ, கல்பசங்கரா ஆகியவற்றை அப்படித்தான் வெளியிட்டது. உங்களுக்குப் பக்கத்திலேயே ஆழியார் நகரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவை எல்லாம் அரசுப் பணம்.

நெல்லுக்கு நடந்தது வேறு. ராக்பெல்லர், ஃபோர்டு ஆகிய இரண்டு அறக்கட்டளைகள் சேர்ந்து 1960இல் பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கின. இரண்டு நெல் ரகங்களைக் கலந்து 1962இல் செய்த ஒட்டிலிருந்து 1966இல் ஐ.ஆர்.8 ரகம் வயலுக்கு வந்துவிட்டது. நெல்லில் ஓர் ஆண்டில் இரண்டு மூன்று தலைமுறை பார்க்கலாம். தென்னையில் நெட்டை ரகம் பாளை விடவே ஐந்தாறு ஆண்டு. ஒரு ஒட்டு நல்லதா கெட்டதா என்று தெரியும்போது அதைச் செய்தவர் ஓய்வுபெற்றிருப்பார். மூன்றாண்டு, ஐந்தாண்டு நல்கைகளுக்குள் தென்னை அடங்காது. அத்துடன் தென்னை விளைவது வெப்பமண்டலத்துச் சிறு விவசாயிகளின் நிலத்தில். பெரிய மூலநிதிகள் இருப்பதோ வேறு திசையில். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை, ஆனால் பாரபட்சம் இருக்கிறது. கொடுப்பவரின் கண்ணுக்கு எட்டிய துன்பத்துக்கே கொடை போகும் என்பது அறக்கட்டளை முறையின் பிறவிக் குறை. யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத சிலர் எந்த நோய் முக்கியம் என்று தீர்மானிக்கிறார்கள் என்ற விமர்சனத்தை நாங்கள் முழுக்க ஏற்கிறோம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோய் பரவியிருக்கும் தோப்பில் அசையாமல் காய்த்துக்கொண்டிருக்கும் மரம் இருந்தால் அதை வெட்டாதீர்கள். ஆழியார் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். தாங்குதிறன் ரகங்களுக்கான தாய்மரத் தேர்வு அத்தகைய மரங்களிலிருந்தே தொடங்குகிறது. உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உறுப்பினர் தோப்புகளில் அப்படி நிற்கும் மரங்களைக் கணக்கெடுத்துக் கொடுத்தால், எந்த நல்கை விண்ணப்பத்துக்கும் அது பெரிய பலம்.

*கேள்வி: அறக்கட்டளைகள் இவ்வளவு கொடுக்கின்றன என்றால் அரசு ஏன் கொடுக்க வேண்டும்?*
– பிளஸ் டூ மாணவி, சத்தியமங்கலம்

பதில்: ஏனென்றால் அவை அவ்வளவு கொடுப்பதில்லை. வெல்கம் பத்தாண்டில் செலவிடும் தொகையை அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஆறே மாதத்தில் செலவிட்டுவிடும்; அவற்றின் ஆண்டு பட்ஜெட் 4,000 கோடி டாலருக்கும் மேல். கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912இல் அரசுப் பணத்தில் தொடங்கி, 1918இல் கோ 205 ரகத்தைக் கொடுத்து, இன்றும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இத்தனை நீண்ட ஓட்டத்துக்கு அரசைத் தவிர வேறு தாங்கிகள் அரிது. அறக்கட்டளைக்கு உரிய இடம், அரசுக் குழு 'இது நடக்காது' என்று ஒதுக்கிய யோசனைக்கும், இன்னும் பெயர் எடுக்காத இளம் ஆய்வாளருக்கும், தோற்றாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய சோதனைக்கும் பணம் கொடுப்பது. தணிக்கைக்கும் சட்டசபைக்கும் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி தோல்விக்குத் துணிய மாட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

*கேள்வி: எங்கள் பனியன் கம்பெனி சமூகப் பொறுப்பு நிதியாக ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்குகிறது. பள்ளிக்குக் கழிப்பறையும் மருத்துவமனைக்குக் கட்டிலும் கொடுத்து அலுத்துவிட்டது. சாயக்கழிவு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா? அதுவும் அறக்கட்டளை நிதியும் ஒன்றுதானா?*
– ஏற்றுமதியாளர், திருப்பூர்

பதில்: கழிப்பறை கொடுத்து அலுத்துவிட்டது என்று எழுதியதற்கு உங்களைக் கடிந்துகொள்ளத்தான் தோன்றுகிறது; பள்ளிக் கழிப்பறைகள் பலவற்றின் நிலை உங்களுக்குத் தெரியாததன்று. கேள்விக்கு வருகிறோம்.

இரண்டும் ஒன்றல்ல. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய வரம்புகளில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களின் அறிவியல் ஆராய்ச்சிக்கும், மத்திய, மாநில அரசுகள் நிதியளிக்கும் ஆராய்ச்சித் திட்டங்களுக்கும் அதிலிருந்து கொடுக்கச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இடம் உண்டு. ஆகவே கொடுக்கலாம். ஆனால் உங்கள் கம்பெனியின் வழக்கமான தொழிலுக்கே நேரடியாகப் பயன்படும் வேலையைச் சமூகப் பணி என்று கணக்குக் காட்ட முடியாது. உங்கள் சாயப்பட்டறையின் உப்புச் செலவைக் குறைக்கும் ஆய்வு உங்கள் தொழில் செலவு. நொய்யல் கரைக் கிணறுகளில் தேங்கியிருக்கும் உப்பை என்ன செய்வது என்ற ஆய்வு ஊருக்கானது. இந்தக் கோட்டை உங்கள் ஆடிட்டர் உங்களைவிடக் கண்டிப்பாகப் பார்ப்பார்.

அடுத்தது காலம். சமூகப் பொறுப்பு நிதி ஆண்டுக் கணக்கு. தொடர்திட்டம் என்று அறிவித்தாலும் தொடங்கிய ஆண்டு போக மூன்றாண்டுக்குள் முடிக்க வேண்டும். பிறிதோர் அமைப்பின் மூலநிதியில் சேர்ப்பதையும் 2021 முதல் சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்பதில்லை. விளக்கு எரிய எண்ணெய் கொடுக்கலாம், நிலம் எழுதிவைக்க முடியாது என்ற நிலை இது. லாபம் குறைந்த ஆண்டில் எண்ணெயும் குறையும். பருத்தி நூல் விலை ஏறிய ஆண்டில் ஆய்வு மாணவரின் உதவித்தொகை நின்றுபோனால் அந்த ஆராய்ச்சி அரைகுறையாகவே நிற்கும்.

கொங்கு நாட்டில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான 'சிட்ரா', ஒன்றோடொன்று போட்டியிடும் மில்கள் 1950களில் கைகோத்து, அரசின் துணையோடு, பொதுவான ஆய்வுக்காக உருவாக்கிக்கொண்டது. ஒருவர் பணத்தில் ஒருவருக்கு மட்டும் பயன் என்ற சிக்கல் அதில் இல்லை. கழிவுநீர் வெளியேற்றம் அறவே இல்லாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூட 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திருப்பூர் கொட்டிய பணத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நிலையங்களில் மூட்டை மூட்டையாகச் சேரும் கலப்பு உப்பை என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. ஒரு கம்பெனியாகக் கொடுக்காமல் இருபது கம்பெனிகளாகச் சேர்ந்து, லாபத்திலிருந்து வேறாக, உங்கள் சொந்தக் கொடையால் ஒரு மூலநிதியை ஏற்படுத்துங்கள். அப்போது நீங்கள் கேட்கும் 'அறக்கட்டளை' என்ற பெயர் அதற்குப் பொருந்தும்.

*கேள்வி: வெளிநாட்டு அறக்கட்டளைகள் நம் குழந்தைகளைச் சோதனை எலிகளாக்குகின்றன என்று பரவலாகப் பேசப்படுகிறது. இதில் உண்மை எவ்வளவு?*
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியில் 'பாத்' என்ற அமைப்பு 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் பள்ளிச் சிறுமியருக்குப் போடும் திட்டத்தை நடத்தியது. சிறுமியர் ஏழு பேர் இறந்த செய்தி வந்து 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றே விசாரணையில் சொல்லப்பட்டது. ஆனால் பெற்றோரின் ஒப்புதலுக்குப் பதிலாகப் பல இடங்களில் விடுதிக் காப்பாளர் கையெழுத்துப் போட்டிருந்தார்; பின்விளைவுகளைக் கண்காணிக்கும் ஏற்பாடும் சரியாக இல்லை. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதை மிகக் கடுமையாகக் கண்டித்தது. ஊசியில் குற்றம் இல்லை என்பதால் கையெழுத்தில் நடந்த குற்றம் இல்லாமல் போய்விடாது.

இதே 'பாத்' அமைப்பின் வழியாக அதே கேட்ஸ் நிதி, இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியோடு சேர்ந்து, ரோட்டாவாக் தடுப்பு மருந்துக்கும் போயிற்று. பச்சிளங்குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் மருந்து அது. டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் கண்டெடுத்த வைரஸிலிருந்து உருவானது. டெல்லி, புணே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, ஒரு தவணை ஒரு டாலர் என்ற விலையில், 2016 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, இங்கே யார் மேற்பார்வை பார்த்தார்கள் என்பதே இரண்டு கதைகளையும் பிரிக்கிறது.

நீங்கள் ஊரில் விளக்கிச் சொல்லக்கூடிய மூன்று காவல்கள் உண்டு. மருந்துச் சோதனை எதுவானாலும் நிறுவனத்தின் அறநெறிக் குழு ஒப்புதல் தர வேண்டும். 2009 முதல் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும், அதை யாரும் பார்க்கலாம். ஒப்புதல் படிவம் பெற்றோருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்துக்கு இன்னொரு காவலும் உண்டு. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும் அதன் 2020 திருத்தமும், இப்பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக்குத்தான் முதலில் வர வேண்டும், வாங்கிய அமைப்பு இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. இந்தப் பிரித்துக் கொடுக்கும் தடையால் கிராமத்தில் தரவு சேகரிக்கும் சிறு அமைப்புகள் அடிபட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

*கேள்வி: எங்கள் குடும்ப டிரஸ்டில் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய் வருமானம் வருகிறது. இதுவரை கல்விக் கட்டணமும் திருமண உதவியும் கொடுத்துவந்தோம். இந்தச் சிறு தொகையில் ஆராய்ச்சிக்கு உதவ முடியுமா?*
– குடும்ப அறக்கட்டளை நிர்வாகி, காங்கேயம்

பதில்: கொங்கு நாட்டில் கொடைக்குப் பஞ்சம் இல்லை. பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர்கள் நால்வரும் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு வைத்து, 1926இல் தொடங்கிய அறநிலையத்திலிருந்துதான் கோவையின் பி.எஸ்.ஜி. கல்லூரிகளும் மருத்துவமனையும் வளர்ந்தன. பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று கட்டடமாக எழும் அறம் இங்கே ஏராளம். பதில் தெரியாத ஒரு கேள்விக்குப் பணம் கொடுக்கும் அறம்தான் குறைவு. கல்வெட்டில் பெயர் வராது, திறப்பு விழா கிடையாது, மூன்றாண்டு கழித்து 'இந்த வழி சரிப்படவில்லை' என்ற அறிக்கை வரலாம் என்பதால் தயக்கம் இயல்பே.

உங்கள் 15 லட்சம் சிறு தொகை அன்று. மேலே சொன்ன கணக்கில் ஆண்டுக்கு இரண்டு இளம் ஆய்வாளர்களை ரசாயனச் செலவோடு தாங்கலாம். அகலமாகப் பரப்பாமல் ஒரே பொருளைப் பிடியுங்கள். மெகர்பாய் டாடா ரத்தப் புற்றுநோயால் 1931இல் இறந்தபின் அவர் கணவர் தோராப்ஜி 1932இல் தொடங்கிய லேடி டாடா நினைவு அறக்கட்டளை இன்றும் ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியையே முதன்மையாகத் தாங்கிவருகிறது. அதே தோராப்ஜியின் பெயரில் உள்ள அறக்கட்டளைக்கு 1944 மார்ச்சில் இயற்பியல் விஞ்ஞானி ஹோமி பாபா எழுதிய கடிதத்தின் விளைவே மறு ஆண்டு தோன்றிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். பின்னர் அதை வளர்த்தது அரசு. சிறு பணம் முதல் அடி வைத்தால் பெரும் பணம் பின்னால் வரும் என்று நம்ப இடமிருக்கிறது. அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதத்துக்காக 1938இல் தொடங்கிய அறக்கட்டளைக்கு ஜனங்கள் தபாலில் அனுப்பியவை பத்து சென்ட் நாணயங்கள். 1955 ஏப்ரலில் அந்நோய்க்கான சால்க் தடுப்பூசி வெற்றி என்று அறிவிக்கப்பட்டது அந்த நாணயங்களின் பலத்தில்.

தொடங்குமுன் உங்கள் டிரஸ்ட் பத்திரத்தின் நோக்கங்களில் அறிவியல் ஆராய்ச்சி இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இல்லாமல் செலவிட்டால் வரிவிலக்கில் சிக்கல் வரும். தேர்வுக்குழுவில் குடும்பத்தார் ஒருவருக்கு மேல் வேண்டாம். வேளாண் பல்கலைக்கழகத்திலோ மருத்துவக் கல்லூரியிலோ ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் இருவரை அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள். மாமன் மச்சான் பிள்ளைகள் விண்ணப்பித்தால் என்ன செய்வது என்பதை முதல் விண்ணப்பம் வருமுன்பே எழுதிவைத்துவிடுங்கள், வந்தபின் எழுத முடியாது. திருமண உதவியை நிறுத்திவிட வேண்டாம். அதை எதிர்பார்த்திருக்கும் வீடுகளுக்கு இந்த ஆராய்ச்சி எந்த ஆறுதலும் தராது.

*கேள்வி: அறக்கட்டளைப் பணத்தில் கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம்?*
– கோழிப்பண்ணையாளர், நாமக்கல்

பதில்: ஒப்பந்தத்தில் எழுதியபடி. பெரும்பாலும் காப்புரிமை ஆய்வாளர் வேலை செய்யும் நிறுவனத்துக்குப் போகும். முடிவுகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்று வெல்கம், கேட்ஸ் போன்றவை நிபந்தனை விதிக்கின்றன. மனித மரபணுத் தொகுப்பை வரிசைப்படுத்தும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இங்கிலாந்தின் சாங்கர் நிலையம் வெல்கம் பணத்தில் செய்தது. 1996இல் பெர்முடாவில் கூடிய விஞ்ஞானிகள், கிடைக்கும் தரவை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பதாக உடன்பட்டார்கள். 1998இல் ஒரு தனியார் கம்பெனி அதே வேலையில் வியாபார நோக்கோடு இறங்கியபோது வெல்கம் தன் நிதியை இரட்டிப்பாக்கியது. அதனால்தான் அந்தத் தரவு இன்று யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பார்க்கும்படி இருக்கிறது. நீங்கள் பண்ணை மாதிரிகளை எந்த ஆய்வுக்காவது கொடுப்பதானால், முடிவுகள் உங்களுக்கும் தெரிவிக்கப்படும் என்ற வரி படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடுமுன் சேர்க்கச் சொல்லுங்கள்.